சாதனைப் பெண்களின் கதைகளில் விடுபட்ட நடுப்பக்கம்

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நூலகப் பாடவேளை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிய சிறு நூல் ஒன்றை ஒரு மாணவி உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பள்ளி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. முத்துலட்சுமி பிறந்ததும் புதுக்கோட்டைதான் என்பதால் பிள்ளைகளுக்கு அவர்மீது தனி உரிமை உண்டு. "நம்ம ஊர்க்காரங்க" என்றுதான் சொல்வார்கள். வாசித்து முடித்ததும் வழக்கம்போல் கேட்டேன்: "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" விடைகளும் வழக்கம்போலவே வந்தன. "துணிச்சலா இருக்கணும் டீச்சர்." "நல்லாப் படிக்கணும்." "பெண்கள் நினைச்சா எதையும் சாதிக்கலாம்." கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி மட்டும் எழுந்தாள். "அவங்க அப்பா படிக்க விட்டாங்க டீச்சர். எங்க அப்பா விடலைன்னா?"

என்னிடம் உடனே சொல்ல விடை இல்லை. அவளுடைய அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு திருமணம் நடந்தது எனக்குத் தெரியும். அக்காவும் எங்கள் பள்ளியில் படித்தவள்தான், நன்றாகப் படித்தவள். அவளுக்குத் துணிச்சல் போதவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியென்றால் "பெண்கள் நினைத்தால் எதையும் சாதிக்கலாம்" என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரி, அந்த அக்காவைப் பற்றி என்ன சொல்கிறது? அவள் சரியாக நினைக்கவில்லை என்றா?

இப்போது பள்ளிகளில் பெண் ஆளுமைகளைப் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. பாடநூல்களில் இருக்கிறார்கள். வாசிப்பு இயக்க நூல்கள், தேன்சிட்டு, ஊஞ்சல் எனப் பிள்ளைகள் கையில் வாசிக்க ஏதாவது இருக்கிறது. ஸ்டோரிவீவர் தளத்தில் பெண் அறிவியலாளர்களைப் பற்றிய படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உலக அளவில் இந்த வகை நூல்களுக்குப் பெரிய அலையைக் கிளப்பியது 2016-இல் வந்த 'குட் நைட் ஸ்டோரீஸ் ஃபார் ரெபல் கேர்ள்ஸ்'. எலினா ஃபவில்லி, ஃபிரான்செஸ்கா கவாலோ என்ற இருவர் பொதுமக்களிடம் இணையவழி நிதி திரட்டி அதை வெளியிட்டார்கள். 100 பெண்கள்; ஒருவருக்கு ஒரு பக்கம் கதை, எதிர்ப்பக்கத்தில் முழு அளவு ஓவியம். இளவரசியை யாரோ வந்து காப்பாற்றும் கதைகளையே கேட்டுத் தூங்கிய குழந்தைகளுக்கு இது புதிது. அதன் அமைப்பைப் பின்பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன.

இந்த நூல்களின் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. "விஞ்ஞானியை வரையுங்கள்" என்றால் மீசை வைத்து வரையும் ஆறாம் வகுப்புக் குழந்தை, கருவியைக் கையில் பிடித்த ஒரு பெண்ணின் படத்தைப் பார்ப்பதே ஒரு பாடம். ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்லும்போது எது விடுபடுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பத்தியில் தடை வருகிறது. மூன்றாம் பத்தியில் பதக்கம் வருகிறது. நடுவில் "அவர் மனம் தளரவில்லை" என்று ஒரு வரி. என் மாணவி கேட்டது அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்றுதான். அதை நான் இப்போது வகுப்பில் 'நடுப்பக்கம்' என்று சொல்கிறேன். நூல் எதுவானாலும் அதன் நடுப்பக்கத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து தேடுவதுதான் நான் செய்யும் வேலை. மூன்று கேள்விகள் போதும்: கதவு எங்கே மூடியிருந்தது? அதைத் திறந்தவர்கள் யார் யார்? திறக்கும்வரை அவர் அன்றாடம் என்ன செய்துகொண்டிருந்தார்?

மறுவாரம் முத்துலட்சுமியின் கதையையே மீண்டும் எடுத்தோம். அவர் 1886-இல் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெற்றோர் எதிர்த்தார்கள், ஆசிரியர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் சேர்க்கைக்கு அனுமதியும் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் பட்டம்.

"கதவைத் திறந்தவர்கள் யார் யார்?" என்று கேட்டதும் பட்டியல் நீண்டது. அப்பா, மன்னர், உதவித்தொகை. "உதவித்தொகை ஆள் இல்லையே" என்று ஒருவன் சொல்ல, "ஆள் இல்லாட்டியும் கதவைத் திறக்கும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அந்த இடத்தில் பேச்சு புதுமைப்பெண் திட்டத்துக்குத் திரும்பியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியர் உயர்கல்விக்குச் சென்றால் மாதம் 1000 ரூபாய் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதில் இருக்கும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் யார் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. 1883-இல் பிறந்த அந்த அம்மையாரும் தேவதாசி முறைக்குள் தள்ளப்பட்டு, அதிலிருந்து வெளியேறி, அதை ஒழிக்க ஊர் ஊராகப் பேசியவர். 1936-இல் அதைப் பற்றி ஒரு நாவலே எழுதியவர். 1938-இல் திருச்சியிலிருந்து சென்னைக்குச் சென்ற இந்தி எதிர்ப்பு நடைப்பயணத்திலும் நடந்தவர். மேடையில் அவரும், சட்டமன்றத்தில் முத்துலட்சுமியும் பேசியதற்குப் பலன் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. சட்டமன்றத்துக்கு முத்துலட்சுமி நியமிக்கப்பட்டது 1926-இல். "இருபது வருஷமா டீச்சர்?" என்று வியந்தார்கள். நூலில் அது ஒரே வரியில் இருந்தது.

தாயின் பின்னணியைச் சொல்வதா வேண்டாமா என்று சில ஆசிரியர்கள் தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். தொடக்க வகுப்புகளுக்குத் தேவையில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல், சொல்லாமல் விட்டால் அவர் ஏன் அந்தச் சட்டத்துக்காக அப்படிப் போராடினார் என்பதே புரியாது என்பது என் கருத்து.

மேல்நிலை வகுப்புகளுக்கு நான் அதிகம் எடுத்துச் செல்லும் வாழ்க்கை ஏ. லலிதாவுடையது. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று பொது அறிவு வினா விடைகளில் ஒரு வரியாக முடிந்துவிடுகிறவர். 1919-இல் சென்னையில் பிறந்தார். 15 வயதில் திருமணம். 18 வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் அதற்குமேல் ஒரு பெண்ணின் கதை என்னவாக முடிந்திருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள். இப்போதும் ஊரில் பார்ப்பதுதானே. லலிதா படிக்க நினைத்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி மகளுக்கு இடம் பெற்றார். நூற்றுக்கணக்கான ஆண்கள் படித்த கல்லூரியில் ஒரே ஒரு பெண்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் வகுப்பில் எப்போதும் பேச்சைக் கிளப்பும் பகுதி. மகள் தனியாகத் தவிப்பதைக் கண்ட தந்தை, வேறு பெண்களையும் சேர்க்கும்படி கல்லூரியைக் கேட்டார். கல்லூரியும் விளம்பரம் செய்தது. லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவர் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தார்கள். போர்க்காலம் என்பதால் அவர்களுடைய படிப்புக்காலம் குறைக்கப்பட்டு, 1943-இல் மூவரும் ஒன்றாகவே முடித்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். முதல் பெண் என்று ஒருவரை மட்டும் தனியே நிறுத்திப் பாராட்டும்போது, அந்த முதல் பெண்ணுக்கே துணை தேவைப்பட்டது என்பது மறைந்துவிடுகிறது. இதைக் கேட்டபின் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தோழியைப் பார்த்து, "பாலிடெக்னிக்குக்கு நீயும் வா, சேர்ந்து போவோம், தனியா என்னை அனுப்ப மாட்டாங்க" என்றாள். நான் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்பில் அப்படி ஒரு கற்றல் விளைவு இல்லை.

இன்னொரு சிறு செய்தி. பட்டச் சான்றிதழ்கள் ஆண்களுக்கென்றே அச்சடிக்கப்பட்டிருந்தன. 'ஹி' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'ஷி' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதை வைத்து ஒரு செயல்பாடு செய்யலாம், செலவே இல்லை. பள்ளியில் புழங்கும் படிவங்கள், அறிவிப்புகள், சுவரெழுத்துகள், வினாத்தாள்கள் ஆகியவற்றில் யாரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் ஒரு குழு மிதிவண்டி நிறுத்துமிடப் பலகையில் 'மாணவர்கள் கவனத்திற்கு. அவன் தன் வண்டியை' என்ற வாசகத்தைக் கண்டுபிடித்தது. கணக்குப் பாடத்தில் எத்தனை கணக்குகளில் கடைக்காரர் ஆண், எத்தனை கணக்குகளில் காய்கறி வாங்குபவர் பெண் என்று இன்னொரு குழு எண்ணியது. நான் தயாரித்த வினாத்தாளும் தப்பவில்லை. மூன்று கணக்குகளில் தொழிலாளர்கள் எல்லாரும் ஆண்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு நான் எழுதிய கணக்கு அது.

தோல்வியைச் சொல்லலாமா?

பிள்ளைகளுக்கான வாழ்க்கை வரலாறுகளில் தோல்விகளை நீக்கிவிடும் வழக்கம் நமக்கு அதிகம். வானிலை அறிவியலாளர் அன்னா மணியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டார் கொடுத்த வைரத் தோட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்கிய கதை எல்லாருக்கும் பிடிக்கும். தொடக்க வகுப்பில் அதையே சொல்லுங்கள், "உனக்குப் பிறந்த நாளுக்கு என்ன வேண்டும், ஏன்?" என்று கேட்டால் ஒரு பாடவேளை ஓடிவிடும்.

உயர் வகுப்புக்கு வேறொரு பகுதி இருக்கிறது. சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலைகளை ஆராய்ந்து, கட்டுரைகள் வெளியிட்டு, முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை அன்னா மணி முடித்துக் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் சொல்லிப் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் 1945-இல் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-இல் திரும்பிவந்து இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை நம் நாட்டிலேயே செய்ய வழிகண்டார். துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். கடைசிவரை அவருக்கு முனைவர் பட்டம் கிடையாது. ஒரு மதிப்பெண்ணில் வாய்ப்பை இழந்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வைரத் தோட்டைவிட இந்தப் பகுதி பயன்படும் என்று நான் நினைக்கிறேன்.

பெருமையைக் கூட்டிச் சொல்வது எதிர்த் திசையிலிருந்து வரும் சிக்கல். தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாளைப் பற்றிச் சிறுவர்களுக்கு எழுதும்போது "இந்தியக் கரும்புக்கு இனிப்பூட்டிய பெண்" என்று எழுதிவிடுகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் தொடங்கியது. ஜானகி அம்மாள் அங்கே சேர்ந்தது 1934-இல். அதற்கு முன்பே பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் அங்கே புகழ்பெற்ற கலப்பினக் கரும்புகளை உருவாக்கிவிட்டார்கள். ஜானகி அம்மாள் செய்தது வேறு. கரும்பையும் அதன் உறவுப் புற்களையும், மக்காச்சோளத்தையும்கூட, கலப்பினம் செய்து அவற்றின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-இல் வெளியிட்டார். எண்பது வயதை ஒட்டிய காலத்தில் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் இயக்கத்துக்கும் துணைநின்றார். உண்மையே இவ்வளவு இருக்கும்போது அடுத்தவர் செய்ததையும் சேர்த்து அவர் தலையில் ஏற்ற என்ன தேவை? நாளை ஒரு மாணவன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "டீச்சர் சொன்னது தப்பு" என்று கண்டுபிடித்தால், அவன் சந்தேகம் ஜானகி அம்மாளின் மொத்தச் சாதனைமீதும் விழும்.

வேலுநாச்சியார் பாடத்திலும் இந்த எச்சரிக்கை வேண்டும். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். வேலுநாச்சியார் மகளோடு திண்டுக்கல் அருகே விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டார். இதெல்லாம் வரலாறு. குயிலி தன் உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்த கதை வாய்மொழியாக வந்தது. மக்கள் நினைவில் வாழ்வது. அதைச் சொல்லக் கூடாது என்பதில்லை. "இது ஆவணத்தில் உள்ளது, இது மக்கள் சொல்லிவருவது" என்று பிரித்துச் சொன்னால், சான்று என்றால் என்ன என்பதை ஆறாம் வகுப்பிலேயே கற்றுக்கொள்வார்கள். இன்னொன்று: நம் பிள்ளைகள் நாடகம் போடும்போது 1772-க்கு ஒரு காட்சி, 1780-க்கு ஒரு காட்சி. நடுவில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளுக்கு ஒரு காட்சி எழுதச் சொல்லிப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதிய காட்சியில் வாளே வரவில்லை. யாருக்குக் கடிதம் எழுதுவது, யாரை நம்புவது, மகளை எங்கே படுக்க வைப்பது என்று மூன்று பெண்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நடிக்கும்போது கொஞ்சம் இழுவையாகத்தான் இருந்தது. ஆனாலும் கைதட்டினார்கள்.

சில நேரம் பிள்ளைகளின் கேள்வி நூலைத் தாண்டிப் போய்விடும். ஐடா ஸ்கடரின் கதையில் வரும் திண்டிவனத்து இரவு நமக்குத் தெரியும். மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி இளம்பெண் ஐடாவை அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவர் இல்லை. மருத்துவரான தந்தையை அனுப்புவதாகச் சொன்னபோது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இந்தியாவில் தங்கவே விரும்பாமல் இருந்த ஐடா அதன்பின் மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூர் மருத்துவமனை 1900-இல் தொடங்கியது, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. இதைச் சொல்லி முடித்தபோது ஏழாம் வகுப்புச் சிறுமி கேட்டாள்: "செத்துப்போன அந்த மூணு பேரோட பேர் என்ன டீச்சர்?" நான் வாசித்த எந்தச் சிறுவர் நூலிலும் அந்தப் பெயர்கள் இல்லை. "இல்லையம்மா, எழுதி வைக்கவில்லை" என்றேன். அன்று வீட்டுப்பாடமாக அந்த மூவரில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னேன். அவள் எழுதி வந்த பக்கத்தில் ஐடாவே இல்லை.

மாணவர்களும் இருக்கிறார்கள்

இந்த நூல்களைப் பெண் குழந்தைகள் தினத்தன்று பெண்களுக்கு மட்டும் பரிசாகக் கொடுப்பதை நானும் செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை. நாளைக்கு அப்பாவாக, அண்ணனாக, அலுவலராகக் கதவருகே நிற்கப்போவது மாணவர்கள்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், "நீங்கள்தான் தொண்டைமான். ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று பெற்றோர்கள் கூட்டமாக வந்திருக்கிறார்கள். பதில் சொல்லுங்கள்" என்றேன். முதலில் சிரிப்பு. பிறகு ஒருவன் மன்னராக நின்று பேச, இருவர் பெற்றோராக மறித்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் அத்தனையும் அவர்கள் வீட்டில் கேட்டவை என்பது புரிந்தது: "ஆம்பளைப் பிள்ளைக கெட்டுப் போவாங்க", "நாளைக்கு யார் கட்டிக்குவா?" மன்னர் திணறிப் போனார். பதில் தேட அவகாசம் கேட்டார்; கொடுத்தோம்.

இனி முதலில் எழுந்த கேள்விக்கு வருகிறேன். அப்பா விடவில்லை என்றால்?

"கதவைத் திறந்தவர் யார்?" என்ற கேள்வியை வரலாற்றிலிருந்து மாணவியின் பக்கம் திருப்பினேன். ஒரு சிறு தாளில், "என் படிப்பு நிற்கும் நிலை வந்தால் வீட்டில் எனக்காகப் பேசக்கூடியவர்கள்" என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதச் சொன்னேன். தாளை யாரிடமும் காட்ட வேண்டாம், என்னிடம்கூட வேண்டாம், விரும்பினால் மட்டும் தரலாம் என்றேன். வகுப்பில் வாசிக்க வைத்தால் அது வீட்டுக்குப் போய்ச் சிக்கலாகும். பலரும் மடித்துக் கொடுத்தார்கள். தாய்மாமன், அத்தை, அங்கன்வாடி டீச்சர், மகளிர் குழுத் தலைவி, பால் ஊற்றும் பெரியப்பா எனப் பெயர்கள். இரண்டு தாள்கள் வெறுமையாக இருந்தன. அந்த இரண்டு தாள்கள்தான் எனக்கு அந்த ஆண்டின் முக்கியமான வேலையாயின.

இதோடு சட்டத்தையும் திட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். மாவட்டச் சமூக நல அலுவலர் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். குழந்தைகள் உதவி எண் 1098. இந்த எண்ணைச் சுவரில் எழுதியிருக்கிறோம். அதை எப்போது அழைக்கலாம், அழைத்தால் என்ன கேட்பார்கள் என்பதை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

கேள்வி கேட்ட மாணவியின் தாளில் தாய்மாமன் பெயர் இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் நானும் தலைமையாசிரியரும் அவள் வீட்டுக்குப் போனோம். அதன்பின் மாமன் இரண்டு முறை வந்து பேசினார். இப்போது அவள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். அதே ஆண்டில் இன்னொரு மாணவி விடுமுறைக்குப் பின் திரும்பவில்லை. அவள் வீட்டுக்கும் போனோம். பூட்டியிருந்தது, குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரமும் போனோம்.

கடைசியாக ஒரு செயல்பாடு. பிள்ளைகள் நூலை வாசிப்பதோடு ஒரு நூலை எழுதவும் செய்யலாம். புகழ்பெற்றவர்கள்தான் வேண்டும் என்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மதுரை மாவட்டச் சின்னப்பிள்ளை, களஞ்சியம் குழுக்களில் பெண்களைத் திரட்டியதற்காக 2001-இல் விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது கிடைப்பதற்கு முன்னாலும் அவர் சின்னப்பிள்ளைதானே.

எங்கள் பள்ளியின் பழைய சேர்க்கை நீக்கல் பதிவேட்டைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு எடுத்தேன். அதில் சாதி முதலிய விவரங்கள் இருப்பதால் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. ஆசிரியரே பார்த்து, தேவையானதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் சில பக்கங்களில் பெண் பெயர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. அவர்களில் ஒருவர் இப்போதும் ஊரில் இருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நீங்கிய காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று இருந்தது. ஐந்து பிள்ளைகள் கேள்விகளை எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் அப்பத்தா நின்னீங்க?"

"தம்பி பொறந்தான். தூக்கி வச்சுக்க ஆளு வேணும்ல."

"அதுக்கு முன்னாடி உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது யாரு?"

"எங்க வாத்தியாருதான். எங்க ஆத்தா அனுப்பாட்டி, வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டே இருப்பாரு. ஊரு பாக்குதேன்னு அனுப்பி வச்சிரும்."

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். தாங்கள் செய்யப்போகும் நூலின் அட்டையை அவரிடம் காட்டினார்கள். அதில் அவர் பெயரை வண்ணப் பென்சிலால் பெரிதாக எழுதியிருந்தார்கள். அவர் தாளை வாங்கி, கண்ணுக்கு எட்டப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். பிறகு எழுதிய சிறுமியைப் பார்த்து, "என் பேருக்குப் பெரிய ளானால்ல வரும், நீ பொடி லானா போட்டிருக்கியே ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைக் கேட்டார். கொஞ்ச நேரம் ஆனது. அட்டையில் இப்போது இருப்பது அவரே எழுதிய பெயர்தான். சிறுமியின் எழுத்தை அடித்துவிட்டு, அதற்கு மேலே எழுதியிருக்கிறார்.